யார் கண் பட்டது?

அத்தியாயம் பதினொன்று

பேளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் அன்று காலை நஜிமாவைப் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கையில் தூக்குப்போசி, தோளில் பை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

அவள் புறப்பட்டது கொல்லிமலைக்கு. பெற்ற மகனை இன்னொருத்தி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வர.

இத்தனைக்கும் காரணம் அவள் வீட்டுக்காரர் அப்பாஸ் அலியின் தலைதான். மிளகு மண்டி வைத்திருக்கும் மனிதர். யார் எது கேட்டாலும் அந்தத் தலை ஆடிவிடும். கல்லூரியில் பாடம் நடத்தும் பூபதி சார் வந்து, "ஆதிலுக்குத்தான் பத்தாவது பரீட்சை முடிஞ்சிருச்சே, மே மாசம் பூரா மலையில இருந்து எங்களுக்காகப் பறவைக் கூடு பார்க்கட்டுமே" என்று கேட்டபோதும் ஆடியது. மண்டிக்கு வருஷா வருஷம் மிளகு போடும், மலைமேல் வளப்பூர் நாட்டுப் பானுமதி வீட்டில் பையன் தங்குவது என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். நஜிமா அடுப்படியை விட்டு வெளியே வருவதற்குள் டீ டம்ளர்கள் காலியாகியிருந்தன.

ஆதிலுக்கு முட்டை ஆகாது. ஒரு துளி உள்ளே போனால் உதடு வீங்கிவிடும். கோழி இறகு ஆகாது, தூசி ஆகாது. நாமக்கல் பக்கத்தில் பிறந்துவிட்டு, எந்தத் திசையில் திரும்பினாலும் கோழிப் பண்ணை இருக்கிற ஊரில், இப்படி ஒரு உடம்பு. டாக்டர் அலர்ஜி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையோடு குடித்தனம் நடத்தியது நஜிமாதான். அவள் வீட்டுக்குள் முட்டை நுழைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டில் அவன் தட்டில் எது விழுந்தாலும் முதல் வாய் அவளுடையது.

கிட்டே போனால் தும்மல் வருவதாலோ என்னவோ, ஆதிலுக்குத் தூரத்தில் பறக்கிற பறவைகள்மேல் பைத்தியம். பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு விடாமல் மலைக்கு, அந்தப் பானுமதி வீட்டுப் பக்கம்தான், போய்வந்தான். அந்த ஞாயிறுகளில் எல்லாம் ராத்திரி மூச்சு இழுத்தது.

நஜிமா மட்டும் சும்மாவா இருந்தாள்? திரும்பி வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, கல் உப்பும் வரமிளகாயும் தலையைச் சுற்றி, சாம்பிராணித் தட்டு நெருப்பில் போடாமல் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. மிளகாய் நெடி அடித்தால் கண்ணே படவில்லை என்று அர்த்தம் என்பார்கள் ஊரில். நஜிமாவின் சட்டம் வேறு. நெடி அடித்தால் அந்தக் கண் இன்னும் விலகவில்லை, ஆகவே இன்னும் ஒரு கைப்பிடி. இவ்வளவு செய்தும் பையனுக்கு இழுக்கிறது என்றால், மலையில் இருக்கிறவளின் கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும்!

நேற்று டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள்.

"எப்பெப்ப இழுக்குது?" என்று அவர் கேட்டார்.

"மலைக்குப் போயிட்டு வர்ற ராத்திரியெல்லாம்."

"அப்ப கொஞ்ச நாளைக்கு மலை வேண்டாமே."

இது போதாதா? காலையில் எழுந்து நெய்ச்சோறும் உருளைக்கிழங்கு குருமாவும் செய்து தூக்குப்போசியில் அடைத்துவிட்டாள். "போய்ப் பாரு. கூட்டிட்டு வரணும்னு தோணுச்சுன்னா கூட்டிட்டு வா" என்றார் அப்பாஸ் அலி. இதற்கும் தலையை ஆட்டிக்கொண்டேதான் சொன்னார்.

* * *

வளப்பூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நஜிமாவுக்குத் தலை சுற்றியது. மலைப்பாதையின் வளைவுகள் வயிற்றைப் புரட்டியிருந்தன. ஆனாலும் காற்று நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

"ஏனுங்க்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க! வாங்க, வாங்க." தோட்டத்தில் இருந்த பானுமதி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். நாற்பது வயதுக்காரி. வெயிலில் நின்று கறுத்த முகம், தெற்றுப்பல் தெரியச் சிரிப்பு.

"ஆதில் எங்க?"

"சாமி பாறையிலதான் இருக்குது. காத்தால போனா உச்சிப் பொழுதுக்குத்தான் வரும்."

சாமியாம். நஜிமா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவாள். இருந்தாலும் இவள் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்றது.

இருவரும் பாறைச் சரிவுக்கு நடந்தார்கள். முழங்கால் உயரம் காய்ந்த புல், நடுநடுவே முட்புதர், அதற்கு மேலே மொட்டைப் பாறை.

"வருஷா வருஷம் இந்நேரத்துக்கு இதக் கொளுத்தி உட்டுருவோமுங்க" என்றாள் பானுமதி. "அப்பத்தான் மழை பேஞ்சதும் ஆட்டுக்குப் பசும்புல்லு வரும். இந்த வருஷம் கூடு இருக்குதுன்னு நாங்க நெருப்பு வெக்கல. பக்கத்துக் காட்டுச் சென்றாயனுக்குத்தான் எங்க மேல கோவம்."

நஜிமா இதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் பார்வை பாறைமேல் இருந்தது. அங்கே ஒருத்தன் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி இறங்கிக்கொண்டிருந்தான். வீட்டு மாடிப்படி ஏறினாலே பாதியில் நிற்கிற பிள்ளை. இங்கே வாயைத் திறந்து ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. நாலைந்து நாளில் கன்னத்தில் சதை பிடித்த மாதிரிகூட இருந்தது.

பெற்றவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. என் வீட்டில் இல்லாத மூச்சு இவள் வீட்டில் எப்படி வந்தது?

ஆதில் அவளைப் பார்த்துவிட்டான். "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவான் என்று அவள் கையைக்கூட லேசாகத் தூக்கினாள். அவனோ உதட்டில் விரலை வைத்தான். சத்தம் போடாதே என்று.

கிட்டே வந்ததும் முதல் பேச்சும் அவளிடம் இல்லை.

"பானும்மா, ரெண்டும் இப்பத்தான் புதருக்குள்ள போச்சு. வாயில புழு" என்று கிசுகிசுத்தான். பிறகுதான், "ஏம்மா திடீர்னு?"

பானும்மா!

"பார்க்கணும்னு தோணுச்சு, வந்தேன்" என்றாள் நஜிமா.

அவன் பைனாகுலரை அவள் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, தென்னாட்டுப் பாறை மலைகளில் மட்டும்தான் இருக்கிறது, ஆள் சத்தம் கேட்டால் மறைந்துவிடும் என்றெல்லாம் சொன்னான். நஜிமாவுக்கு ஒரு புதர் தெரிந்தது. புதருக்குப் பின்னால் இன்னொரு புதர் தெரிந்தது.

"தோ, அந்த வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம். தலையத் தூக்குது பாருங்க" என்றாள் பானுமதி, வெறுங்கண்ணால் பார்த்தே.

"ஆமா பானும்மா, அதேதான்!"

நஜிமா பைனாகுலரைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "வெயிலா இருக்கு. சாப்பிடப் போலாம்."

* * *

பானுமதி வீட்டு முற்றத்தில் பலா மரம் ஒன்று நின்றது. அதற்கடியில் ஒரு கட்டில். முற்றத்தின் அந்தக் கோடியில், வேலி ஓரமாக, புதிதாக மண் பூசிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆதில் நேராகக் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தான். பானுமதி தட்டை அங்கேயே கொண்டு வந்து வைத்தாள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.

நஜிமா தூக்குப்போசியைத் திறந்தாள். நெய் வாசம் வந்தது. ஆதில் இரண்டு வாய் சாப்பிட்டான்.

"நல்லாருக்கும்மா. சாயந்திரம் மிச்சத்தச் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாமைச் சோற்றுக்குப் போய்விட்டான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டான். மூன்றாம் தடவையும் கேட்டான்.

இருட்டோடு எழுந்து வெங்காயம் வதக்கிய கை நஜிமாவின் மடியில் கிடந்தது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகிய தரை, சுவரோரம் சுருட்டி வைத்த பாய். உள்ளே உட்கார நல்ல இடம் இருக்கிறது. வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், உள்ளே வாங்க என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"தெனமும் இங்கதான் சாப்பிடறானா?"

"ஆமாங்க்கா. மரத்தடி குளுகுளுன்னு இருக்குமுங்க."

"ஊட்டுக்குள்ள உக்கார வெச்சா என்ன ஆயிரும்?"

பானுமதியின் சிரிப்பு போய்விட்டது. "அதில்லீங்க்கா..."

"எது இல்ல? மிளகு போடறதுக்கு எங்க மண்டி வேணும், காசு வாங்க எங்க கை வேணும். எம் பையன் உள்ள வந்தா மட்டும் தீட்டா?"

"அம்மா!" ஆதில் எழுந்துவிட்டான். "சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமாடா, எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் பானும்மாவுக்குத்தான் தெரியும்."

பானுமதி ஆதிலையே பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை அது. அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். இவர்களுக்குள் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது நஜிமாவுக்குப் புரிந்தது. அடக்கி வைத்திருந்த பொறாமை முழுக்கப் பொங்கிவிட்டது.

அடுப்புக்குப் பக்கத்தில் உப்புச் சட்டி இருந்தது, மிளகாய்க் கூடையும் இருந்தது. ஒரு கை உப்பு, ஒரு கை வரமிளகாய் அள்ளினாள்.

"ஆதில், இங்க வா."

"வேண்டாம்மா. ஊருக்கு வந்தப்புறம் பண்ணிக்கலாம்."

"வாடான்னா!"

"அக்கா, அத மட்டும் பண்ணாதீங்க" என்று பானுமதி குறுக்கே வந்தாள். "என்னை நாலு வார்த்த வேணும்னாலும் திட்டிக்கங்க. அது மட்டும் வேண்டாமுங்க."

ஏன் தடுக்கிறாள்? வேறென்ன, அவள் கண்ணென்று தெரிந்துவிடும் என்ற பயம்! நஜிமா அவளை விலக்கிக்கொண்டு நின்றாள்.

ஆதில் வந்தான். பதினைந்து வயதுப் பையன், அம்மாவைவிட ஒரு பிடி உயரம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வந்து அடுப்பு முன்னால் நின்றான். நஜிமா சுற்றினாள். ஊர்க் கண், உறவுக் கண், மலைக் கண் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டான்.

வீட்டு வாசலில் இதைச் செய்யும்போது எப்போதும் இருட்டியிருக்கும். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. இன்றுதான் வெயிலில் பார்த்தாள். இவன் ஏன் மூச்சை அடக்குகிறான் என்று மனசு கேட்பதற்குள் கை நெருப்பில் போட்டுவிட்டது.

நெடி கிளம்பியது. அடக்கிய மூச்சை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? விட்டான், இழுத்தான், இருமினான். இருமல் நிற்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்தான். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரிச் சத்தம் வந்தது. ராத்திரிகளில் நஜிமா கேட்டு நடுங்கிய அதே சத்தம், பட்டப்பகலில்.

"ஆதில்! யா அல்லா! எங்கடா அந்த மருந்து?"

மருந்து எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்தை அடிக்கடி உறிஞ்சினால் பழக்கமாகிவிடும் என்று வீட்டில் இன்ஹேலரைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவள் அவள். மலைக்குப் போகும்போது மட்டும்தான் எடுத்துக் கொடுப்பாள்.

பானுமதி அவனைத் தோளோடு பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினாள், காற்று வருகிற பக்கமாக. திட்டில் உட்கார வைத்து, தன் மடியில் செருகியிருந்த இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி அவன் வாயில் வைத்தாள். "இழுத்துப் புடி, கண்ணு. அப்பிடித்தான். பயப்படாத. இன்னொருக்கா."

நஜிமா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். விரல்களில் உப்பு ஒட்டியிருந்தது. இன்றைக்கு அவன் மலையை விட்டு இறங்கவில்லை. பஸ் ஏறவில்லை. யாருடைய கண்ணும் புதிதாகப் படவில்லை. அவள் வந்தாள், அவள் சுற்றிப் போட்டாள், அவனுக்கு மூச்சு இழுத்தது. இதைப் புரிந்துகொள்ள டாக்டர் தேவையில்லை.

* * *

மூச்சு சமனாக வெகுநேரம் ஆனது. ஆதில் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்தான். பானுமதி அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தாள். நஜிமா திட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பங்குனியில சொன்னானுங்க. மலையில ஒண்ணும் பண்றதில்ல, ஊட்டு வாசல்ல பொகை போடறப்பத்தான் இழுக்குதுன்னு." பானுமதி தயங்கினாள். "எங்கூட்டுக்குள்ள வெறகடுப்புங்க்கா. பொகை உள்ளயே நிக்கும், வெளிய போகவே போகாது. அதுக்கோசரந்தான் அடுப்ப வேலியோரம் வெச்சு, அவன மரத்தடியில உக்கார வெச்சேன். நீங்க நெனச்ச மாதிரி இல்லீங்க."

நஜிமாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"அது வந்துங்க..."

"சொல்லுங்க பானுமதி."

"அவன் சொன்னத அப்படியே சொல்றனுங்க. சொன்னா அம்மா சுத்திப் போடறத நிறுத்திருவாங்க. நிறுத்திட்டா எனக்கு என்னமோ ஆயிரும்னு பயந்துக்கிட்டு ராத்திரி பூரா தூங்க மாட்டாங்க. எனக்கு இழுத்தா ஒரு ராத்திரியோட போச்சு, அவங்களுக்கு அப்படியில்லன்னான்."

நஜிமா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எத்தனை ஞாயிறு! வாசலில் வந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் தூங்க வேண்டும் என்பதற்காக.

அழுது முடித்ததும் கேட்டாள், "அதையும் உங்ககிட்டத்தான் சொன்னானா?"

கேட்டுவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. என்ன செய்ய, கேட்காமல் இருக்க முடியவில்லை. பானுமதிக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. "பெத்தவகிட்டச் சொல்ல முடியாதத எங்கிட்டச் சொல்றான். அவ்வளவுதானுங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது ஆதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"நானும் வாரேம்மா. கூட்டிட்டுப் போகத்தானே வந்த?" முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் சொன்னான். பாறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுபடியும் மூச்சைப் பிடிக்கிறான் என்று நஜிமாவுக்குத் தெரிந்தது. வா என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொன்னால் வருவான். பெற்றவள் ஜெயித்துவிடுவாள்.

"வேண்டாம், நீ இங்கயே இரு" என்றாள். "ஊட்டுக்கு வந்தீன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். புத்திக்குத் தெரிஞ்சிருச்சு, கைக்கு இன்னும் தெரியல. அது பழகட்டும். அப்புறம் வா."

ஆதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் எதைச் சாப்பிடக் கூடாது என்று நஜிமா பானுமதியிடம் சொல்ல ஆரம்பித்தாள். பானுமதி எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பஸ் நகரும்போது நஜிமா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பானுமதியின் கை அவன் தோள்மேல் இருந்தது. வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன் சீட்டில் பெரிய மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க சென்றாயண்ணே, சந்தைக்கா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆமாப்பா. நாளைக்குச் சந்தைய முடிச்சுட்டு வந்து, சாயந்திரமே அந்தச் சரிவுக்கு நெருப்பு வெச்சுப்புடோணும். இனியும் பொறுத்தா மழை வந்துரும், அப்புறம் ஆட்டுக்குப் பசும்புல்லு வராது."

"அங்க ஏதோ கூடு இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்களே?"

"கூடாவது குருவியாவது. பானுமதியோட பையன் ஒருத்தன் பகல் பூரா அங்க உக்காந்துக்கிட்டு யாரையும் உட மாட்டேங்கறான். பொகை வந்தா தானா எந்திரிச்சு ஓடறான்."

நஜிமா எழுந்துவிட்டாள். வளைவில் பஸ் சாய்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏனுங்க."

சென்றாயன் திரும்பினார்.

"அவன் பானுமதி பையன் இல்லீங்க. எம் பையன். அவனுக்குப் பொகை ஆகாது."

"யாரு சொன்னது? டாக்டரா?"

"நாஞ் சொல்றேன்" என்றாள் நஜிமா. பஸ் முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு நான் போட்ட பொகையிலதான் அவனுக்கு மூச்சு அடைச்சுது. பெத்த நானே போட்டேன். இத்தன நாளா நாந்தான் போட்டுட்டு இருந்திருக்கேன்."

சென்றாயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் போய்விடவில்லை.

"சரிம்மா. அப்ப எங்க ஆடுங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?"